முப்பத்தொன்பதாவது வரி

என் அக்காவைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்றால், அது நானாக இருக்கக் கூடாது. ஆனால் வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால் நானே உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் எங்கேயாவது என்னை நான் நல்லவனாகக் காட்டிக்கொள்வது போலத் தெரிந்தால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

அக்கா ஒரு பெரிய மருத்துவமனையில் தொலைபேசி ஆபரேட்டர். இருபத்திரண்டு வருடமாக அதே அறை, அதே நாற்காலி. நானூற்றுச் சொச்சம் உள் எண்களும் மனப்பாடம். எலும்பு டாக்டர் எந்த நேரத்தில் எந்த வார்டில் இருப்பார் என்பது அவருடைய வீட்டம்மாவைவிட அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அழைப்பவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, மூச்சு வாங்குவதை வைத்து அவசரமா, சும்மா சண்டை போட வந்தவரா என்று கண்டுபிடித்துவிடுவாள்.

ஏழு வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவளுக்குப் பார்வை போய்விட்டது. எனக்கு அப்போது மூன்று வயது. பார்வை இருந்த அக்காவை எனக்கு நினைவே இல்லை. கண்ணாமூச்சி விளையாடினால் எப்போதும் அவள்தான் ஜெயிப்பாள். அலமாரிக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றுகொண்டிருப்பேன். நேராக வந்து காதைத் திருகி, "நீ மூச்சு விடறது பக்கத்துத் தெருவுக்கே கேக்குது, துரை" என்பாள். துரை என்பது என் பெயரில்லை. எனக்குத் தலைக்கனம் அதிகம் என்று அவளாக வைத்தது. இன்றுவரை கோபமாக இருந்தால் மட்டும்தான் என்னைத் துரை என்று கூப்பிட மாட்டாள்.

உதவி என்று யாராவது கிட்டே வந்தால் அவளுக்கு ஆகாது. தெருவைக் கடக்கும்போது யாரோ ஒருவர் கையைப் பிடித்தாராம். "விடுங்க சார், நீங்க விழுந்தா நான் பிடிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். தன் துணியைத் தானே இஸ்திரி போடுவாள். பஸ் பாஸ் புதுப்பிப்பது, வங்கி வேலை, மருந்து வாங்குவது எல்லாம் தன் லேப்டாப்பிலும் போனிலும் தானே செய்துகொள்வாள். என் மனைவி ஒருமுறை, "அண்ணி, நான் போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டதற்கு, "உனக்கு ஓடிபி வந்தா தேடறதுக்கே பத்து நிமிஷம் ஆகுது, நீ எனக்குப் போட்டுத் தரப்போறியா?" என்று சிரித்தாள். மனைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையும் அதுதான்.

இனி என் பிழைப்பைச் சொல்ல வேண்டும்.

வலைத்தளங்கள் செய்து கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் நான் டெஸ்டர். மூன்றாவது மாடி. கீழே மூக்குக் கண்ணாடிக் கடை. எங்கள் டெவலப்பர் ஒரு பக்கத்தைச் செய்து முடித்ததும், அது எங்கே உடைகிறது என்று தட்டிப் பார்த்துச் சொல்வது என் வேலை. அறுபது வரிகள் கொண்ட ஒரு தாள் இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் ஆம் அல்லது இல்லை போட வேண்டும். முப்பத்தெட்டாவது வரி, தளம் திரைவாசிப்பானில் வேலை செய்கிறதா என்பது. முப்பத்தொன்பதாவது வரி, பார்வையற்ற பயனர் ஒருவர் சோதித்துப் பார்த்தாரா என்பது.

இந்த வேலை எனக்குக் கிடைத்ததே அக்காவின் புண்ணியத்தில்தான். நேர்காணலில் மேலாளர், "கண் தெரியாதவங்களுக்கும் தளம் வேலை செய்யணும்னு இப்ப எல்லா ஆபீஸும் கேக்கறாங்க. உங்களுக்கு அதுல பழக்கம் உண்டா?" என்று கேட்டார். எனக்குத் துளிகூடப் பழக்கமில்லை. ஆனால் கொஞ்சமும் கூசாமல், "என் அக்காவுக்குக் கண் தெரியாது சார். வீட்ல தினமும் பாத்துட்டுதான் இருக்கேன்" என்றேன். குரலைக்கூடக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன். மேலாளர் முகம் இளகியது. மறு வாரமே சேரச் சொல்லிவிட்டார்கள்.

திரைவாசிப்பான் என்பது கணினி வாங்கும்போதே அதற்குள் இருக்கிற ஒன்று. இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் போதும், திரையில் இருப்பதைக் குரலில் படிக்க ஆரம்பித்துவிடும். கண் தெரியாதவர்கள் மௌஸைத் தொட மாட்டார்கள். டேப் விசையையும் அம்பு விசைகளையும் வைத்து ஒவ்வொரு பெட்டியாகத் தாண்டிப் போவார்கள். போகும் இடமெல்லாம் அந்தக் குரல், இது பெயர் எழுதும் பெட்டி, இது பொத்தான் என்று சொல்லிக்கொண்டே வரும். அது சொல்லாத எதுவும் அவர்களுக்கு அந்தப் பக்கத்தில் கிடையாது.

நான் சோதித்த அழகைக் கேளுங்கள். திரைவாசிப்பானைப் போடுவேன். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுவேன். மறு காதில் டெவலப்பர் சொல்லும் கிரிக்கெட் கதை ஓடும். கண்ணை அகலத் திறந்துகொண்டு, கையில் மௌஸைப் பிடித்துக்கொண்டு, அங்கே இங்கே சொடுக்குவேன். குரல் ஏதோ சொல்லும். அது சொல்லாமல் விட்டதை என் கண் நிரப்பிக்கொள்ளும். ஐந்து நிமிடம். முப்பத்தெட்டாவது வரியில் ஆம்.

முப்பத்தொன்பதாவது வரி அதைவிட மோசம். முதல் தளம் முடிந்தபோது மேலாளர், "அதான் வீட்ல அக்கா இருக்காங்கல்ல, ஒரு தடவை காட்டிட்டு எழுதிடுங்க" என்றார். காட்டத்தான் நினைத்தேன். அன்று அக்கா தலைவலி என்று சீக்கிரம் படுத்துவிட்டாள். மறுநாள் தளத்தை ஒப்படைக்க வேண்டும். நாளைக்குக் காட்டிக்கொள்ளலாம் என்று ஆம் என்று எழுதினேன். பக்கத்தில் குறிப்பு என்று ஓர் இடம் இருந்தது. வெறுமனே விட்டால் சந்தேகம் வரும் என்று, 'சோதித்தவருக்கு எந்தச் சிரமமும் இல்லை' என்றும் சேர்த்தேன். அந்த நாளை வரவே இல்லை. அடுத்த தளத்துக்கு அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்து ஒட்டினேன். அதற்கடுத்ததற்கும் ஒட்டினேன்.

சென்ற வருடம் ஒரு வீட்டு ஒதுக்கீட்டு அலுவலகத்துக்குத் தளம் செய்தோம். வாடகை வீடுகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பம், பிறகு குலுக்கல். அதில் தரைத்தள வீடுகள் ஆறு, உடல் குறைபாடு உள்ளவர்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். அந்தக் குடியிருப்பிலிருந்து அக்காவின் மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம்.

என் வீட்டில் அக்காவின் அறை மாடியில். படி குறுகலானது, பதினெட்டுப் படிகள். அக்காவுக்கு இரண்டு வருடமாக முழங்கால் வலி. இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் நிற்பாள். ஆனால் அவள் வீடு கேட்டதற்குக் காரணம் முழங்கால் மட்டுமில்லை. "ஐம்பது வயசு ஆகப்போகுது, என் கதவை நானே பூட்டி நானே திறக்கணும்டா" என்றாள். அதில் எங்கள் மேல் வருத்தம் எதுவும் இருக்கவில்லை. ஆசை இருந்தது. அக்கா எதற்காவது ஆசைப்பட்டு நான் பார்த்தது அபூர்வம்.

"நான் போட்டுத் தரேன்க்கா" என்றேன்.

"எதுக்கு? உங்க கம்பெனி செஞ்ச சைட்டு, நீ சோதிச்சுப் பாத்தது. இதைக்கூட நானா போட முடியலன்னா அப்புறம் நீ என்னத்தைச் சோதிச்சே?" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மாடி ஏறினாள். அந்தத் தட்டில் பெருமை இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். முக்கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தாள். "முடிச்சுட்டேன், துரை. நாலு பக்கம். கடைசியில சமர்ப்பியை அழுத்தினேன்."

"ஏதாவது சொல்லுச்சா?"

"ஒண்ணும் சொல்லலை. சத்தமே இல்லை. போயிடுச்சுன்னுதானே அர்த்தம்?"

நான் டெஸ்டர். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால் எண் ஒன்று வரும் என்பது எனக்குத் தெரியும். மாடிக்குப் போய் ஒரு பார்வை பார்த்திருக்கலாம். பார்த்தால், நான் ஆம் போட்ட தளத்தை நானே சந்தேகப்படுவதாக ஆகும். "தப்பு இருந்தா சொல்லியிருக்கும்க்கா. சொல்லலைன்னா சரியாப் போச்சுன்னுதான் அர்த்தம்" என்றேன். நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தாள்.

மூன்று வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. குலுக்கலில் விழாதவர்கள் பட்டியலில்கூட அக்காவின் பெயர் இல்லை. தரைத்தள வீடு ஆறு, விண்ணப்பம் ஒன்பதே ஒன்பது. அக்கா மருத்துவமனைத் தொலைபேசியிலிருந்தே அந்த அலுவலகத்துக்கு அழைத்துக் கேட்டிருக்கிறாள். அங்கே இருந்த கிளார்க், "உங்க விண்ணப்பம் பாதியிலேயே நிக்குதும்மா. கடைசியில உறுதிமொழிக் கட்டத்துல டிக் போடாம விட்டுட்டீங்க. இதெல்லாம் கொஞ்சம் கவனமாப் போடணும்" என்று சொல்லியிருக்கிறார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நான்தான் விட்டுட்டேன்" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை.

மறுநாள் அலுவலகத்தில் யாரும் வருவதற்கு முன்னால் போய் அந்தத் தளத்தைத் திறந்தேன். ஹெட்போனை இரண்டு காதிலும் மாட்டினேன். ஆறு வருடத்தில் முதல்முறையாக மானிட்டரை அணைத்தேன். மௌஸைத் தூக்கி மேசை டிராயரில் போட்டேன். டேப் விசையை அழுத்தினேன். பெயர், எழுதும் பெட்டி. முகவரி, எழுதும் பெட்டி. இரண்டாவது பக்கத்துக்குள் வழி தவறிவிட்டது. திரும்ப முதலிலிருந்து வந்தேன். அக்கா முக்கால் மணி நேரத்தில் முடித்ததை முடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. கடைசிப் பக்கத்தில் குடும்ப விவரம் எழுதும் பெட்டிக்கு அடுத்து, குரல் நேராக, "சமர்ப்பி, பொத்தான்" என்றது. நடுவில் இருக்க வேண்டிய உறுதிமொழிக் கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அழுத்தினேன். சத்தமில்லை. மறுபடியும் அழுத்தினேன். சத்தமில்லை.

மானிட்டரைப் போட்டேன். பக்கத்தின் உச்சியில் சிவப்பு எழுத்தில், 'உறுதிமொழியை நீங்கள் ஏற்கவில்லை' என்று இருந்தது. டெவலப்பர் அந்தக் கட்டத்தை அழகுக்காக ஒரு படமாக வரைந்து வைத்திருந்தார். மௌஸால் சொடுக்கினால் பச்சை டிக் வரும். விசைப்பலகையால் அதன் பக்கமே போக முடியாது. நான் சோதித்த அன்று மௌஸால் சொடுக்கினேன், டிக் வந்ததைக் கண்ணால் பார்த்தேன், ஆம் போட்டேன்.

அப்போதே அக்காவுக்கு போன் செய்திருக்க வேண்டும். நான் டெவலப்பரிடம் போனேன். "அந்தக் கட்டத்தைச் சாதாரணக் கட்டமா மாத்திடுப்பா, சின்ன வேலைதான்" என்று காதோடு காதாகச் சொன்னேன். அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த இடத்துல மட்டும் பதினேழு பேர் நின்னுட்டாங்க போலிருக்கே" என்றார். "பழைய கணக்கா இருக்கும், விடு" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அந்தப் பதினேழு பேரைப் பற்றி இப்போது மேலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது மேலே போயிருக்கிறது, என்ன ஆகும் என்று தெரியாது. ஆனால் அன்று நான் அதை யாருக்கும் தெரியாமல் துடைத்துவிட்டு, மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

வீட்டில் அக்கா மாற ஆரம்பித்தாள். முதலில் பஸ் பாஸ். "நீயே புதுப்பிச்சுடு, நான் போட்டா எதையாவது விட்டுடுவேன்" என்றாள். பிறகு போனில் வரும் செய்திகளை என் மனைவியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, "இந்தப் புடவைக்கு இந்த ரவிக்கை பொருந்துதா, பாத்துச் சொல்லேன்" என்று மனைவியிடம் கேட்டாள். தன் துணிகளை வரிசைப்படி அடுக்கி, இருட்டிலும் கை வைத்து எடுக்கிறவள் கேட்ட கேள்வி அது. மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணிக்கு உடம்புக்கு ஏதாவதா? வீடு கிடைக்காததுக்கு இப்படியா ஒரேயடியா இடிஞ்சு போவாங்க?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அக்கா படியில் கீழே இறங்கி வரும் சத்தம் கேட்டால் நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வேன். கண் தெரியாதவளிடமிருந்து முகத்தை மறைக்கிற ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

பன்னிரண்டாவது நாள் மாலை என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். லேப்டாப்பை என் பக்கம் தள்ளினாள். "ஒரு கடிதம் எழுதணும். நான் சொல்றேன், நீ அடி."

மருத்துவமனையில் மேற்பார்வையாளர் பதவிக்கு அடுத்த மாதம் தேர்வு. கணினியில் எழுத வேண்டும். அக்கா மூன்று வருடமாகக் காத்திருந்த தேர்வு. நிர்வாக அதிகாரிக்குக் கடிதம்.

"ஐயா, வணக்கம். மேற்பார்வையாளர் தேர்வுக்கு என் பெயரைப் பரிந்துரைத்ததற்கு நன்றி" என்று எழுத்து நடையில் நிதானமாகச் சொன்னாள். அடித்தேன். "கணினியில் பிழையின்றி வேலை செய்ய இப்போது என்னால் இயலவில்லை. ஆகவே என் பெயரை நீக்கிவிடும்படி..."

'இயலவில்லை' வரை அடித்துவிட்டேன். அதற்கு மேல் விரல் போகவில்லை.

"ஏன் நிறுத்திட்டே?"

"அக்கா, நீ எதையும் விடலை" என்றேன். "அந்தக் கட்டம் உனக்குக் கிடைச்சிருக்கவே கிடைக்காது. சைட்டுதான் தப்பு. நான் பாக்காம விட்டது."

எல்லாவற்றையும் சொன்னேன். மௌஸ், படமாக வரைந்த கட்டம், சிவப்பு எழுத்து. அவள் கட்டில் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"பட்டியல் வந்த மறுநாள்."

"இன்னியோட பதினோரு நாள்" என்றாள் அக்கா. எண்ணுவதற்கு அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. "பதினோரு நாளா எனக்குப் புத்தி மழுங்கிடுச்சுன்னு நினைச்சுட்டு இருந்தேன். ரவிக்கை நிறத்தை உன் பொண்டாட்டிகிட்ட கேட்டேன். நீ பக்கத்துலதான் உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தே."

தரை பிளந்து உள்ளே போய்விட்டால் நன்றாயிருக்கும் என்று எனக்கு இருந்தது.

"முதல்ல அந்தக் கடிதத்தை அழி" என்றாள். அழித்தேன். "பரீட்சை நான் எழுதறேன். சரி, வேற என்ன?"

"வேற ஒண்ணுமில்லைக்கா."

"இருக்கு. நீ இன்னும் மூச்சை முழுசா விடலை."

முப்பத்தொன்பதாவது வரியையும் சொன்னேன். அவளுக்கு உடனே புரியவில்லை. "நான் சோதிச்சதா நீ எழுதினியா? என்னை வெச்சா?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஆமாம் என்றேன். "அதைத் திற" என்றாள்.

எல்லாத் தளங்களின் பதில்களையும் வரி வாரியாகச் சேர்த்த ஒரு தொகுப்புத் தாள் உண்டு. என் கணக்கில் நுழைந்து அதில் முப்பத்தொன்பதாவது வரியைத் திறந்து கொடுத்தேன். அக்கா ஹெட்போனைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, குரலை அறைக்கே கேட்கும்படி விட்டாள். அவள் வழக்கமாகக் கேட்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. அன்று ஏதோ விசைகளை அழுத்தி வேகத்தைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். பிறகு கீழ் அம்பை ஒருமுறை தட்டினாள்.

"பார்வையற்ற பயனர் சோதித்தாரா. ஆம். சோதித்தவருக்கு எந்தச் சிரமமும் இல்லை" என்றது குரல். ஒவ்வொரு சொல்லாக, அவசரமே இல்லாமல்.

மறுபடியும் தட்டினாள். ஆம். எந்தச் சிரமமும் இல்லை. அது ஒரு வங்கியின் தளம். அடுத்தது ஒரு கல்லூரி. அடுத்தது பஸ் பாஸ் புதுப்பிக்கும் தளம். அதில் மாதாமாதம் அவள் பட்ட பாட்டை நானே கேட்டிருக்கிறேன். ஆம். எந்தச் சிரமமும் இல்லை. "போதும்க்கா" என்றேன். "பேசாம கேளு" என்றாள். கீழே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றுவிட்டது. மனைவியும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. கடைசியில் வீட்டு ஒதுக்கீட்டு அலுவலகம் வந்தது. ஆம். சோதித்தவருக்கு எந்தச் சிரமமும் இல்லை.

அக்கா லேப்டாப்பை மூடினாள். கொஞ்ச நேரம் அதன் மேலேயே கையை வைத்திருந்தாள்.

"பதினாலு தடவை" என்றாள். அவள் துரை என்று கூப்பிடவில்லை, என் நிஜப் பெயரைச் சொன்னாள். "ஆறு வருஷமா நான் மாடியிலதானே இருக்கேன். ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தா இறங்கி வந்திருப்பேனே."